தாஷி எதில் எடுத்தது என்று கேளுங்கள்!

வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஜப்பானிய உணவகம் வந்திருக்கிறது. நான் சைவம். மெனுவில் மீன், இறைச்சி இல்லாததாகப் பார்த்து ஆர்டர் செய்தால் போதுமா?

போதாது. ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளமே தாஷி என்கிற சாறு. கொம்பு என்ற கடற்பாசியோடு, புகையில் வாட்டிக் காயவைத்துச் சீவிய மீனையும் போட்டு எடுப்பது வழக்கம். மிசோ சூப் (புளிக்கவைத்த சோயா விழுதில் செய்வது), உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்), அகெதாஷி தோஃபு (பொரித்த சோயா பனீர்), ஏன், காய்கறியை மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாறுவரை பெரும்பாலும் இதுதான். "மீன் இருக்கிறதா?" என்று கேட்டால், துண்டு மீன் இல்லை என்ற நினைப்பில் "இல்லை" என்றுவிடுவார்கள். "தாஷி எதில் எடுத்தது?" என்று கேளுங்கள். கொம்பு மட்டும், அல்லது உலர்ந்த ஷீட்டாகே காளான் என்று பதில் வந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

வெள்ளரிக்காயைச் சோற்றில் வைத்துக் கடற்பாசித் தாளில் சுருட்டிய கப்பா மாக்கிக்குப் பயமில்லை. இனாரியில் சோற்றை அடைக்கும் தோஃபு பையைத் தாஷியில் வேகவைத்திருக்கலாம், விசாரியுங்கள். தெம்புராவுக்குச் சாறு வேண்டாம், உப்பு போதும் என்று சொல்லிவிடலாம். ஆனால் மாவில் முட்டை உண்டா, இறால் பொரித்த எண்ணெயா என்ற இரண்டையும் கேட்டே ஆகவேண்டும். ஒகோனொமியாகி என்ற முட்டைக்கோஸ் அடையின் மேல் சூட்டில் நெளிந்து ஆடும் மெல்லிய சீவல் இருக்கிறதே, அதுவும் மீன்தான்!

நிகிரி சுஷியை சோயா சாஸில் முக்கினால் சோறு உதிர்ந்துவிடுகிறது. தவறு யாருடையது?

முக்கும் பக்கம்தான் தவறு. நடுவே காற்று நிற்கும்படி லேசாகப் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு வைத்ததுதான் நிகிரி. சாஸை உறிஞ்சியதும் சோறு பிரிந்துவிடும். பக்கவாட்டில் சாய்த்து, மீனின் ஓரத்தை மட்டும் தொட்டெடுத்து ஒரே வாயில் போடுங்கள். கையால் எடுப்பது மரியாதைக் குறைவே அல்ல. மீனுக்கும் சோற்றுக்கும் நடுவே பெரும்பாலும் வசாபி என்ற காரமான பச்சை விழுதைத் தடவித்தான் தருவார்கள். மேலும் வேண்டுமென்றால் மீன்மேல் துளி வையுங்கள். சாஸில் கரைத்தால் மணம் போய்விடும். விலாங்கு மீனுக்கு இனிப்புச் சாஸ் பூசியே வரும், சோயா தேவையில்லை. இஞ்சி ஊறுகாய் சுஷியின் மேல் வைப்பதற்கல்ல. ஒரு மீனின் ருசியை நாக்கிலிருந்து போக்கிவிட்டு அடுத்ததைச் சுவைக்கத்தான் அது.

பச்சை மீனைப் பயமில்லாமல் சாப்பிடலாமா?

அனிசாகிஸ் என்ற புழுதான் முதல் கவலை. உறையவைத்தால் அது சாகும்: மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் என்பது அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்லும் அளவுகளில் ஒன்று. சில சூரை வகைகளுக்கும், தீவனம் போட்டு வளர்த்த மீனுக்கும் விலக்கு உண்டு. பாக்டீரியா மட்டும் உறைபனியில் சாகாது. வசாபியை நம்பியும் பயனில்லை. கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை மீனைத் தொடவே வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை. முதல் தடவை ஒரு தட்டு நிகிரி மட்டும் வாங்கிப் பாருங்கள். சோறு உடம்புச் சூட்டில் இருக்கவேண்டும். சில்லிட்டு விறைத்திருந்தால் ஃப்ரிட்ஜிலிருந்து வந்தது. குளிரில் மாவுச்சத்து இறுகிவிடும். மீனின் ஓரம் காய்ந்திருந்தாலோ, கவிச்சி வாடை அடித்தாலோ, தட்டைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

மிசோ சூப் கிண்ணத்தின் மூடி திறக்கவே வரவில்லையே?

உள்ளே நீராவி குளிர்ந்து மூடியை இழுத்துப் பிடித்திருக்கிறது. மூடியோடு மல்லுக்கட்டினால் சூப் மடியில்தான் கொட்டும். கிண்ணத்தின் விளிம்பை இரு பக்கமும் விரலால் அழுத்துங்கள். காற்று புகுந்ததும் விட்டுவிடும். பிறகு கிண்ணத்தைத் தூக்கி வாய் வைத்தே குடிக்கலாம். மிசோ அடியில் தங்கும், குச்சியால் ஒரு கலக்கு கலக்கிக்கொள்ளுங்கள்.