அளவெடுத்த கையோடு மறந்துபோகிறது

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 54. பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறேன். 2006-ல் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது, அப்போது சிடி4 (நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) வெறும் 62. அன்றிலிருந்து எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. வைரல் லோடு பார்த்தால் கிருமி தெரியவில்லை என்றே வருகிறது. ஆறு வருடமாகச் சுகருக்கு மெட்ஃபார்மினும் உண்டு. இப்போது டேப்பைச் சுருட்டுவதற்குள் கைச்சுற்றளவு மறந்துபோகிறது. போன மாதம் ஒரு பட்டுத்துணியில் இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். இரவு ஒரு மணிக்குத்தான் கண் அசருகிறது, ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறேன். கிருமி மூளைக்கு ஏறிவிட்டதா?
- பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: இரண்டும் இடது கையா! துணி கொடுத்தவரிடம் என்ன சொல்லிச் சமாளித்தீர்களோ. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எச்.ஐ.வி. இப்போதுதான் புதிதாக மூளைக்கு ஏறுகிறது என்று பயப்படாதீர்கள். தொற்றிய சில வாரங்களிலேயே வெள்ளணுக்களில் ஒளிந்துகொண்டு அங்கே போய்விடும். மாத்திரை அதை அடக்கிவைக்கும், அடியோடு துடைக்காது. மாத்திரை எட்டாத காலத்தில், பெற்ற மகனையே யாரென்று கேட்டவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்த அளவு மறதி அரிதாகிவிட்டது. சிலரிடம் இன்னும் பார்ப்பது கவனம் சிதறுவது, வேலை மந்தமாவது போன்ற லேசான தடுமாற்றம். சிடி4 மிகவும் இறங்கிய பிறகு மருந்து தொடங்கியவர்களுக்கு அது வர வாய்ப்பு கூடுதல். அதனால் உங்கள் 62-ஐ நான் ஒதுக்கிவிடமாட்டேன்.

ஆனால் கடிதத்தில் என் கண் நின்ற இடம் மெட்ஃபார்மின். வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம். பி12 குறைந்தால் மறதி வரும், கால் மதமதக்கும். ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். ஊசியிலோ மாத்திரையிலோ ஈடுகட்டலாம். அப்புறம், இப்போது எச்.ஐ.வி.க்குப் பெரும்பாலோருக்குக் கொடுக்கும் டி.எல்.டி. என்ற கூட்டு மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. அது மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். சிலருக்குத் தூக்கத்தையும் கெடுக்கும். நீங்கள் இரவில் போடுகிறவர் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். நாலரை மணி நேரம் தூங்கினால் எனக்கும்தான் எல்லாம் மறக்கும்.

தைராய்டு, பி.பி. இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மனசு சோர்ந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், மறதி அங்கிருந்தும் வரும். மையத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஐந்து நொடி வேகமாகத் தட்டச் சொல்லலாம். நான்கு சொற்களைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்கலாம். விளையாட்டு என்று நினைக்காதீர்கள், பல நாடுகளில் செய்யும் சோதனைதான் அது. மார்க் குறைந்தால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை, இன்னும் விவரமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சுகர் டாக்டரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? மருந்துக்கு மருந்து ஒத்துப்போக, சொல்லத்தான் வேண்டும். உங்கள் சம்மதமில்லாமல் அவர் அதை வெளியே சொல்ல 2017-ம் வருட எச்.ஐ.வி. சட்டம் பொதுவாக இடம் தராது. போகும்போது எல்லா மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அதுவும் பையில் இருக்கட்டும். டோலுடெக்ராவிரை உடம்பு ஏற்பதை அவை தடுக்கும்.

அதுவரை, டேப் கையைச் சுற்றி இருக்கும்போதே அளவை வாய்விட்டுச் சொல்லி, பிளவுஸ் தைக்க வந்தவரையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.