டீசல் பர்னர் பற்றிக்கொண்ட சில நொடியில் அணைவது ஏன்?

பாய்லர் பர்னர் பற்றிக்கொண்டு, சில நொடியில் அணைந்து சிவப்பு விளக்கு எரிகிறது என்கிறீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு முதலில் போட்டோசெல்லைக் கழற்றிப் பாருங்கள். சுடரைப் பார்க்கும் கண் அதுதான். அதில் கரி படிந்தால் எரிகிற தீயே அதற்குத் தெரியாது. தீ இல்லை என்று எண்ணி, பர்னரை இயக்கும் கன்ட்ரோல் பெட்டி டீசலை நிறுத்திவிடும். மெல்லிய துணியால் துடைத்து மாட்டினால் பல நேரம் அதோடு சரியாகிவிடும்.

சரியாகவில்லையா? பம்புக்கு வரும் குழாயில் மூட்டு தளர்ந்து காற்றை இழுக்கலாம். அது உறிஞ்சும் பக்கம், டீசல் வெளியே கசியாமலே இருக்கும். அதனால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபில்டர் கிண்ணத்தில் குமிழி ஓடுகிறதா பாருங்கள். டீசலைத் தூவும் முனையான நாசில் அடைத்திருந்தால் கம்பியால் குத்தாதீர்கள், புதிது மாட்டுங்கள்.

தயவுசெய்து பர்னரை மீண்டும் தொடக்கும் ரீசெட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். எரியாத டீசல் உள்ளே தேங்கி, பற்றும்போது வெடிக்கலாம்.