பேஸ்புக்கில் போட்ட படத்தைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டால்?

காலிமுகத்திடலில் நீங்கள் எடுத்த படத்தை ஒரு கடை பேஸ்புக் விளம்பரத்தில் போட்டிருக்கிறது. பதிவு செய்யாததால் கேட்க முடியாதா என்கிறீர்கள். தாராளமாகக் கேட்கலாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, எடுத்த கணமே பதிப்புரிமை உங்களுடையது. உங்கள் ஆயுளுக்குப் பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும். பதிவெல்லாம் வர்த்தகக் குறி, கண்டுபிடிப்பு போன்றவற்றுக்குத்தான்.

சிக்கல் நிரூபிப்பதில். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த திகதி, கமரா விபரம் எதுவும் மிஞ்சாது. ஆகவே மூலக் கோப்பை அழிக்காதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இருந்தால் இன்னும் நல்லது. அவை சுட்டவரிடம் இருக்காது. மூலையில் பெயர் போடுவதா? வெட்டிவிடுவார்கள், ஆனாலும் போடுங்கள். முதலில் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் கடைக்கு எழுதுங்கள். மசியாவிட்டால் பேஸ்புக்கிலேயே பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது.