நீலம் என்றால் எத்தனை நானோமீட்டர்?

இந்த முறை வந்த கேள்விகளில் பல வெளிச்சத்தைப் பற்றியவை. நாலை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மகளுக்குக் கண்ணாடி வாங்கப் போனோம். கடைக்காரர் ஒரு பேனா டார்ச்சை வெள்ளை அட்டையில் அடித்தார், நீலக் கறை விழுந்தது. ப்ளூ கட் லென்ஸை நடுவில் வைத்து அடித்தபோது கறை விழவில்லை. லென்ஸுக்கு 800 ரூபாய் கூடுதல் கேட்கிறார். செல்போன் வெளிச்சத்திலிருந்து கண்ணைக் காக்கும் என்கிறார். வாங்கலாமா?
(வாசகி, சேலம்)

பதில்: அவர் செய்து காட்டியது உண்மையான சோதனைதான். ஆனால் அது செல்போனைப் பற்றிய சோதனை இல்லை.

ஒளியின் நிறத்தை முடிவு செய்வது அதன் அலைநீளம்; அதை நானோமீட்டரில், அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கில், அளப்பார்கள். அந்த மாதிரி டார்ச்சுகள் பெரும்பாலும் 405 நானோமீட்டர் அலைநீள ஒளியைத் தருபவை. அது ஊதா. செல்போன் திரையின் நீலம் உச்சத்தில் இருப்பது 450 நானோமீட்டரை ஒட்டி. கண்ணுக்கு இரண்டும் ‘நீல மாதிரி’ தெரிவதால் நமக்கு வித்தியாசம் உறைப்பதில்லை.

இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. 1240ஐ நானோமீட்டர் எண்ணால் வகுத்தால், அந்த ஒளியின் ஒரு துகளுக்கு எவ்வளவு ஆற்றல் என்பது எலக்ட்ரான் வோல்ட் என்ற மிகச் சிறிய ஆற்றல் அலகில் வந்துவிடும். 405க்கு 3.06. திரையின் 450க்கு 2.76. சிவப்பு லேசரின் 650க்கு வெறும் 1.91. அலைநீளம் குறையக் குறைய ஆற்றல் கூடும். அட்டையில் பூசியிருக்கும் வேதிப்பொருள் நிறம் மாற ஒவ்வொரு துகளும் இவ்வளவு ஆற்றலோடு வந்தாக வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. சிவப்பு லேசரை எவ்வளவு நேரம் பிடித்தாலும் அட்டை மாறாது. ரயில் நிலையத்து எடை மெஷின் ஒரு ரூபாய்க் காசு கேட்டால், நாலணாவாக நாலு போட்டாலும் அது ஓடாது அல்லவா, அந்தக் கதைதான். ஒளி இப்படித் துகள் துகளாகத்தான் ஆற்றலைக் கொடுக்கிறது என்று 1905இல் ஐன்ஸ்டைன் சொன்னதை உங்கள் கண்ணாடிக்கடைக்காரர் விற்பனைக்குப் பயன்படுத்துகிறார், அவ்வளவுதான்.

பார்ப்பதற்குத் தெளிவாக, நிறமில்லாமல் இருக்கும் ப்ளூ கட் லென்ஸ்களில் பெரும்பாலானவை 405ஐ நன்றாகத் தடுக்கும், 450ஐப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். 450ஐ நிஜமாகவே வடிகட்டினால் லென்ஸ் மஞ்சளாகத் தெரிந்தே தீரும். வெள்ளையிலிருந்து நீலத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மஞ்சள்தானே! அதனால் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “450 நானோமீட்டரில் எத்தனை சதவீதம் தடுக்கும்?” கம்பெனி அட்டவணை இருந்தால் காட்டட்டும். அவர் மறுபடியும் டார்ச்சை எடுத்தால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

சரி, தடுத்தால்தான் என்ன பயன்? மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, திரை பார்ப்பதால் வரும் கண் சோர்வை இந்த லென்ஸ் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. கண் எரிவதற்கு முக்கியக் காரணம் இமைக்க மறப்பதும், பக்கத்திலேயே உற்றுப் பார்ப்பதும். அந்த 800 ரூபாயைக் கீறல் விழாத பூச்சுக்குக் கொடுங்கள்.

கேள்வி: அரக்குப் பட்டுப் புடவைக்குக் கடையிலேயே பொருத்தமாக ரவிக்கைத் துணி எடுத்தேன். வெளியே வந்தால் இரண்டும் வேறு வேறு நிறம். ஏமாற்றிவிட்டார்களா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: கடைக்காரர் மேல் பழி போட வேண்டாம். ஏமாற்றியது விளக்கு.

வெள்ளை எல்இடி பல்புக்குள் இருப்பது 450 நானோமீட்டர் நீலச் சில்லு. அதன் மேலுள்ள மஞ்சள் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி, ஆற்றல் குறைந்த பச்சை, மஞ்சள், சிவப்பாகத் திருப்பிக் கொடுக்கிறது. இரண்டும் கலந்து நமக்கு வெள்ளை. ஆனால் சாதாரண பல்பில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும், ஆழ்ந்த சிவப்பு மெலிந்துபோகும். விளக்கிலேயே இல்லாத சிவப்பைப் புடவை எப்படித் திருப்பி அனுப்பும்? அரக்கு மங்கிப் பழுப்பாகிறது. ரவிக்கைத் துணியின் சாயம் வேறு என்பதால் அது மங்குவது வேறு அளவில். கடைக்குள் இரண்டும் ஒன்றாகத் தெரிந்து, வெயிலில் பிரிந்துவிடுகின்றன.

ஒரு பழைய சிடியின் பளபளக்கும் பக்கத்தில் பல்பின் பிம்பத்தைச் சாய்த்துப் பாருங்கள். பழைய குண்டு பல்பில் வானவில் இடைவெளி இல்லாமல் ஓடும். எல்இடியில் நீலம் தனியாகத் துருத்தி நிற்கும். சுருள் சிஎஃப்எல்லில் நிறங்கள் பட்டை பட்டையாக அறுந்து தெரியும். அதன் பச்சைப் பட்டையில் பாதரசம் தரும் 546 நானோமீட்டர் ஒளியும் கலந்திருக்கும்.

வீட்டுக்கு பல்பு வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற மதிப்பெண், 90க்கு மேல் இருக்கிறதா பாருங்கள். ஆனால் அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரிதான். ஆழ்ந்த சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. பல பெட்டிகளில் அதைப் போடுவதே இல்லை. 3000 கெல்வின், 6500 கெல்வின் என்பதெல்லாம் வெளிச்சம் மஞ்சளா நீலமா என்று மட்டுமே சொல்லும், தரத்தைச் சொல்லாது. புடவைக்கு வழி பழையதுதான்: துணியைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பாருங்கள். நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் வாட்டர் பியூரிஃபையரில் யுவி விளக்கு நீலமாக நன்றாகத்தான் எரிகிறது. சர்வீஸ்காரர் மாற்றச் சொல்கிறார். பணம் பறிக்கிறாரா?
(வாசகர், மதுரை)

பதில்: இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். கிருமியைக் கொல்வது 254 நானோமீட்டர் ஒளி, 4.88 எலக்ட்ரான் வோல்ட். அது கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பார்க்கும் நீலம், விளக்குக்குள் இருக்கும் அதே பாதரச ஆவியிலிருந்து வரும் வேறு அலைநீளங்கள். வருடக்கணக்கில் எரிந்தபின் நீலம் அப்படியே இருக்கும், 254 மட்டும் தேய்ந்திருக்கும். கையேட்டில் விளக்கின் ஆயுள் இத்தனை மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அது முடிந்திருந்தால் மாற்றுங்கள். சில மெஷின்களில் முன்பக்கம் ஒளிர்வது அழகுக்கு வைத்த நீல எல்இடி, அதையும் நம்பாதீர்கள். விளக்கைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பது கூடவே கூடாது.

கேள்வி: நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம் என்றால், நீல நைட் லாம்ப்புக்குக் கரண்ட் பில்லும் அதிகமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: இல்லை. ஆற்றல் அதிகம் என்பது ஒரு துகளுக்கு. பில் வருவது வாட் கணக்கில். அரை வாட் நீலமும் அரை வாட் சிவப்பும் மீட்டருக்கு ஒன்றுதான். பழைய கலர் கண்ணாடி ‘ஜீரோ வாட்’ குண்டு பல்பு இன்னும் வீட்டில் எரிந்தால் அதைக் கழற்றுங்கள், பெயர்தான் ஜீரோ, இழுப்பது 15 வாட் வரை. படுக்கையறைக்கு எந்த நிறம் என்று கேட்டால் சிவப்பு அல்லது ஆரஞ்சு வாங்குங்கள்; நீலம் தூக்கத்தைத் தள்ளிப்போடும்.