குடும்பப்பெயரை வைத்து ஆய்வேடு தேடும்போது எழுதியவர்கள் மட்டுமே வந்தால்

ஒரு குடும்பத்தைப் பற்றிய ஆய்வேடுகள் வேண்டுமென்றால், ஆசிரியர் புலத்தை (புலம் என்பது பதிவில் ஒவ்வொரு விவரத்துக்கும் உள்ள தனிப் பகுதி) விட்டுவிட்டு, பொருள், தலைப்பு, சுருக்கம் ஆகிய புலங்களில் தேடுங்கள். ஸ்மித் என்று போட்டால் ஸ்மித்கள் எழுதியவைதான் வருகின்றன என்கிறீர்கள். பொதுத் தேடல் பெட்டி எல்லாப் புலங்களையும் சேர்த்துத் துழாவுவதுதான் காரணமாக இருக்கும்.

ஒரு நூல் எதைப் பற்றியது என்று குறிக்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளில் குடும்பங்களுக்கு 'ஸ்மித் ஃபேமிலி' என்ற வடிவம் உண்டு. அதை ஆங்கிலத்தில், இரட்டை மேற்கோளுக்குள், பல நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் இட்டு, வடிகட்டியில் ஆய்வேடுகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அப்புறம் ஆய்வேட்டுத் தரவுத்தளமான புரோக்வெஸ்டில் சுருக்கப் புலத்திலும் ஒருமுறை. எனக்கு நல்ல பலன் தந்தது சுருக்கப் புலம்தான்.

ஒன்று கவனிக்கணும்: ஸ்மித், ஸ்மைத் என எழுத்து மாறும் பெயர்களைத் தனித்தனியே தேட வேண்டும். பழைய ஆய்வேடுகள் பலவற்றுக்குச் சுருக்கமே பதிவாகியிருக்காது. அவற்றுக்குத் தலைப்புத் தேடல்தான் வழி.