ஜாங்கோ எந்தக் கோப்புறையில் இருக்கிறது?

வணக்கம். தெம்பனீஸில் நடக்கும் பொங்கல் விழாவுக்குத் தொண்டூழியர் பதிவுப் பக்கம் அமைக்கிறீர்கள். நிர்வாகப் பக்கத்தின் தலைப்பை மாற்ற, இணையத்தளம் கட்ட உதவும் பைத்தான் நிரல்மொழிக் கட்டமைப்பான ஜாங்கோவைத் தேடினால் மடிக்கணினியில் மூன்று இடங்களில் அகப்படுகிறது, எது உண்மையானது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் உண்மைதான். ஒவ்வொரு மெய்நிகர் சூழலும், அதாவது ஒரு திட்டத்துக்கென ஒதுக்கிய தனிப் பைத்தான் அமைப்பும், தனக்கென ஒரு பிரதி வைத்துக்கொள்ளும்.

கோப்புறைத் தேடலை விடுங்கள், பைத்தானையே கேளுங்கள். பதிவுப் பக்கத்தை இயக்கும் அதே முனையத்தில் (ஆணைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்), மெய்நிகர் சூழலைச் செயல்படுத்திவிட்டு, 'பைத்தான் -எம் பிப் ஷோ ஜாங்கோ' என்ற ஆணையை ஆங்கில எழுத்துகளில் கொடுங்கள். 'லொகேஷன்' என்று தொடங்கும் வரியில் 'சைட்-பேக்கேஜஸ்' என முடியும் பாதை ஒன்று வரும். அதற்குள் இருக்கும் ஜாங்கோதான் உங்களுடையது. பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான 'பிப்' என்பதை மட்டும் வைத்து ஆணையைத் தொடங்காதீர்கள். அது வேறொரு பைத்தானைச் சேர்ந்ததாக இருந்தால் வேறு இடத்தைக் காட்டிவிடும்.

இடம் தெரிந்ததும் அங்கிருக்கும் கோப்பில் கை வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து! அடுத்த பதிப்புக்கு மாறும் நாளில் உங்கள் உழைப்பு சுவடில்லாமல் போய்விடும். தலைப்பு மட்டும் மாறினால் போதும் என்றால் எந்தக் கோப்பையும் தேட வேண்டியதில்லை. உங்கள் திட்டத்தின் 'யூஆர்எல்ஸ்' கோப்பில், 'அட்மின்.சைட்.சைட்_ஹெடர்' என்பதற்கு விழாவின் பெயரைத் தமிழிலேயே கொடுங்கள். சின்னமும் வைக்க வேண்டுமென்றால் ஜாங்கோவுக்குள் இருக்கும் 'பேஸ்_சைட்' வார்ப்புருவை (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்பு) உங்கள் 'டெம்ப்ளேட்ஸ்' கோப்புறையில் 'அட்மின்' என்ற உள்கோப்புறைக்குள் நகலெடுத்து, அந்த நகலைத் திருத்துங்கள். 'செட்டிங்ஸ்' கோப்பின் 'டிர்ஸ்' பட்டியலில் அந்த 'டெம்ப்ளேட்ஸ்' கோப்புறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.