அப்பா கேட்பதை நிறுத்திவிட்டாரா?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு வயது 31. ஊர் வேலூர், சத்துவாச்சாரி. இன்ஜினியரிங் முடித்து சென்னையில் ஐ.டி. வேலையில் இருந்தேன். ஆறு வருடத்துக்கு முன்பு வேலையை விட்டு ஊருக்கு வந்து, 1806-ல் எங்கள் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சியை வைத்துத் தனி ஆளாக ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருக்கிறேன். நடுவில் இரண்டு முறை இன்ஜினை (கேம் எதன்மேல் ஓடுகிறதோ அந்த அடிப்படை மென்பொருளை) மாற்றினேன். இப்போது ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயரின் குதிரைப்படை வரும் பகுதி, திப்பு மகால், ஹைதர் மகால் எல்லாம் சேர்த்து வருகிறேன். தரமாக வர வேண்டுமென்றால் காலம் ஆகத்தான் செய்யும். டியூக் நியூக்கம் ஃபாரெவர் என்ற கேம் வர 14 வருடம் ஆனது. தி லாஸ்ட் கார்டியனுக்குப் பத்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. சில்க்சாங்குக்கு ஆறரை வருடம். இதெல்லாம் அம்மாவுக்குப் புரிவதில்லை. தினமும் புலம்பல். பெண் பார்க்க வேறு ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா பரவாயில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். முன்பெல்லாம் 'எப்போ முடியும்?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார், நானும் பொங்கலுக்கு, தீபாவளிக்கு என்று சொல்வேன். ஒரு வருடமாக அவர் கேட்பதே இல்லை, அந்தத் தொல்லை விட்டது. ஒரு கேம் உருவாக எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

- பெயர் வேண்டாம், வேலூர்

பதில்: தம்பி, உன் அம்மாவுக்குப் புரியவைக்கும் வழியை நான் சொல்லப் போவதில்லை. அவர் தினமும் புலம்புகிறார் என்றால், நீ முடிப்பாய் என்று இன்னும் எதிர்பார்க்கிறார். புலம்பட்டும். எனக்கு உன் அப்பாவைப் பற்றித்தான் பேச வேண்டும். "அவர் கேட்பதே இல்லை, அந்தத் தொல்லை விட்டது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாய். என்னால் போக முடியவில்லை. அந்த வரியை நாலைந்து முறை படித்தேன். படிக்கப் படிக்க உன்மேல் கோபம்தான் வந்தது.

ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் ஏன் திடீரென்று நிறுத்துவார் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? வேலைக்காலம் முழுக்க நேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர் அவர். வண்டி பத்து நிமிடம் தாமதமாக ஸ்டாண்டுக்குள் நுழைந்தால் டைம் கீப்பருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏன் லேட் என்று கத்துகிற பயணிக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் நீ பொங்கல் என்றாய், தீபாவளி என்றாய். ஆறு வருடத்தில் எத்தனை பொங்கல், எத்தனை தீபாவளி? சொன்ன நாள் கடந்த பிறகு ஒரு தடவையாவது நீயாக எழுந்து போய், "அப்பா, முடியவில்லை, காரணம் இது" என்று சொன்னாயா? சொல்லியிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பாய். உன் வாயிலிருந்து இன்னொரு பொய்த் தேதி வர வேண்டாம் என்றுதான் அவர் கேட்பதை விட்டிருக்கிறார். பெற்ற பிள்ளை தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வதைக் கேட்க எந்த அப்பாவுக்கும் மனசு வராது.

இன்னொன்றையும் நீ கவனிக்கவில்லை. உன்னிடம் கேட்பதை அவர் நிறுத்திவிட்டார், அவரிடம் கேட்பதை ஊர் நிறுத்தவில்லை. காலையில் டீக்கடையில் பழைய டிப்போ ஆட்கள் கேட்பார்கள். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பார், "பையன் என்ன பண்றான்?" என்று. "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். கொஞ்ச நாளில் மண்டபத்துக்கு அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு இவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். உன் வீட்டில் அப்படி நடக்கிறதா என்று இந்த முகூர்த்த மாதத்தில் பார்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. சினிமாவுக்குக் கதை எழுதுகிறேன் என்று சென்னையில் ரூம் எடுத்து ஒன்பது வருடமாக இருப்பவர் எழுதியிருக்கிறார். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் நாலு வருடமாக நிற்கிற பெண் எழுதியிருக்கிறாள். எல்லாருமே வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது என்றுதான் கேட்கிறார்கள். எப்படி முடிப்பது என்று கேட்டு இன்றுவரை ஒரு கடிதமும் வரவில்லை.

சரி, நீ சாட்சிக்கு அழைத்து வந்த கேம்களுக்கு வருகிறேன். என் அக்கா பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் கதையையும் படித்தேன். டியூக் நியூக்கம் ஃபாரெவரை 1997-ல் அறிவித்தார்கள். அடுத்த வருடமே எடுத்த இன்ஜினைப் போட்டுவிட்டு வேறு இன்ஜினுக்கு மாறினார்கள். புதிதாக எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் அதுவும் வேண்டும் என்று திருப்பித் திருப்பிச் செய்தார்கள். எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கு "முடியும்போது வரும்" என்பதே பதில். முந்தைய கேமில் சம்பாதித்த பணம் இருந்ததால் கேட்க ஆள் இல்லாமல் வண்டி ஓடியது. 2009 மே மாதம் பணம் நின்றது, வேலை பார்த்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் கியர்பாக்ஸ் என்ற வேறொரு நிறுவனம் எடுத்து முடித்து, 2011 ஜூனில் வெளிவந்தது. வந்ததை விமர்சகர்கள் பழையது என்று ஒதுக்கினார்கள். 14 வருடம் என்று நீ பெருமையாக எழுதியிருப்பது இதைத்தான். கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போனதால் கெட்ட வேலை அது. ஒரு வருடமாக உன் அறையிலும் கேட்க ஆள் இல்லை.

தி லாஸ்ட் கார்டியன் 2007-ல் தொடங்கியது. பிளேஸ்டேஷன் 3-க்காக ஆரம்பித்த கேமை அந்த இயந்திரத்தால் சுமக்க முடியவில்லை, பிளேஸ்டேஷன் 4-க்கு மாற்றி 2016 டிசம்பரில்தான் வெளியிட்டார்கள். அத்தனை வருடமும் செலவு செய்தது சோனி. சில்க்சாங்கைச் செய்தவர்கள் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கும் ஒரு சின்னக் குழு. 2017-ல் ஹாலோ நைட் என்ற கேமை முடித்து விற்று, அந்த வருமானத்தில் சாப்பிட்டுக்கொண்டுதான் அடுத்ததை நிதானமாகச் செய்தார்கள். நீ சொல்லாத ஒரு கேமும் இருக்கிறது, கப்ஹெட். அதைச் செய்த அண்ணன் தம்பி இருவரும் வேலையை விட்டார்கள், கையால் படம் வரைந்தார்கள், 2017-ல் முடித்தார்கள். பணத்துக்கு அவர்கள் அடமானம் வைத்தது தங்கள் வீட்டை.

உன் வீட்டில் யார் பணம் ஓடுகிறது? நீ எழுதவே இல்லை. வேலூர் வெயிலில் அந்தக் கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி இல்லாமல் முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற கரண்ட் பில்லை யார் கட்டுகிறார்கள்? கண்டக்டர் பென்ஷனா? அப்படியென்றால் உன் கேமுக்குப் பணம் போட்டிருப்பவர் உன் அப்பா. பணம் போட்டவர் கணக்குக் கேட்டால் அதற்குத் தொல்லை என்று பெயர் வைக்கிறாய்.

தனி ஆளாகச் செய்கிறேன் என்கிறாய், தனி ஆள் கதையே ஒன்று சொல்கிறேன். எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நாலு வருடத்துக்கு மேல் ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஸ்டார்டியூ வேலி என்ற கேமைச் செய்தார். படம், இசை, கதை எல்லாம் அவரே. 2016 பிப்ரவரியில் வெளிவந்து கோடிக்கணக்கில் விற்றது. அந்த வருடங்களில் அவர் சியாட்டிலில் ஒரு தியேட்டரில் பகுதி நேரமாக, வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்தார். வேலூரிலும் காட்பாடியிலும் கல்லூரிகளுக்கும் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் பஞ்சமில்லை. பாதி நாள் பாடம் எடு. முதல் சம்பளத்தில் கரண்ட் பில்லை நீ கட்டு. 31 வயது மகன் இதைச் செய்யத்தான் வேண்டும். எவ்வளவு பெரிய கலையைச் செய்தாலும் இதிலிருந்து விலக்கு கிடையாது என்பது என் கட்சி.

வேலை ஏன் முடியவில்லை என்பதும் உன் கடிதத்திலேயே இருக்கிறது. பூமி பூஜை போட்டு, தளம் ஒட்டி, பூச்சு வேலை வரும்போது வாசலைக் கிழக்கே திருப்புகிறேன் என்று சுவரை இடிப்பார்களே, இன்ஜினை இரண்டு முறை மாற்றியது அந்த வேலைதான். இப்போது மொட்டைமாடியில் இன்னும் இரண்டு அறை கட்டக் கிளம்பியிருக்கிறாய். நீ எடுத்திருக்கும் விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்ற உத்தரவு, அதைத் தாங்காமல் ஜூலை 10 விடிவதற்கு முன் எழுந்த சிப்பாய்கள். பாசறைக்குள் அந்த ஒரு ராத்திரி போதும் தம்பி. உத்தரவைக் கேட்ட ஒரு சிப்பாய், அவன் தூங்காமல் கிடந்த இரவு, கோட்டையில் கொடி மாறுகிற காலை. ஆற்காட்டுக் குதிரைப்படை புழுதி கிளப்பிக்கொண்டு வருவது தூரத்தில் தெரிந்தால் அங்கே நிறுத்து. திப்பு மகாலும் ஹைதர் மகாலும் கோட்டைக்குள் எங்கும் போய்விடாது. முதல் கேம் விற்றால் இரண்டாவதில் வைத்துக்கொள்.

அரைகுறையாக அவசரமாக விடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. சைபர்பங்க் 2077 என்ற கேமை ஒரே வருடத்தில் மூன்று தடவை தள்ளிவைத்து, அப்படியும் தயாராகாமல் 2020 டிசம்பர் 10 அன்று வெளியிட்டார்கள். ஏகப்பட்ட கோளாறு. ஒரு வாரத்திலேயே சோனி தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது, அடுத்த ஜூனில்தான் திரும்ப வைத்தது. அதனால் சின்னதாக்கு, சின்னதாக்கியதைச் சுத்தமாக முடி.

கல்யாணப் பேச்சை நீயே நிறுத்தச் சொல். ஆறு வருடமாகச் சொன்ன தேதி ஒன்றைக்கூடக் காப்பாற்றாதவன் இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு முகூர்த்தத் தேதி குறிக்கக் கூடாது. அம்மாவிடம் இதை இதே வார்த்தைகளில் சொல். வருத்தப்படுவார், ஆனால் நீ உண்மை பேச ஆரம்பித்திருப்பது அவருக்குத் தெரியும்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பாவை உன் அறைக்குக் கூப்பிடு. உன் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, நீ கீழே உட்கார். மவுஸை அவர் கையில் கொடு. எந்த பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் திணறுவார், பொறுமையாகச் சொல்லிக்கொடு. அகழியையும் மதிலையும் பார்த்து அவருக்கே அடையாளம் தெரியும், அந்தக் கோட்டையைத் தாண்டித்தானே தினமும் வண்டியில் போய் வந்தார்? எங்கே வேலை முடிந்திருக்கிறது, எங்கே வெறும் சுவராக நிற்கிறது என்று மறைக்காமல் காட்டு. இதுவரை சொன்ன தேதிகளுக்கு மன்னிப்புக் கேள். பிறகு ஒரு தேதி சொல், பண்டிகைப் பெயர் வேண்டாம், மாதமும் நாளும். மக்கான் பக்கத்து நினைவுத் தூணுக்கு மாலை போடுகிற ஜூலை 10 என்று வைத்துக்கொண்டாலும் சரி. அதற்குள் முடிகிற அளவுக்கு மட்டும் வேலையை வெட்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவரே வந்து உட்கார்ந்து, அந்த வாரம் என்ன செய்தாய் என்று கேட்க வேண்டும் என்று நீயே கேட்டுக்கொள்.

மறுநாள் காலை டீக்கடையில் யாராவது கேட்டால், சொல்வதற்கு அவரிடம் ஒரு தேதி இருக்கும்.